நாற்பதடிப் பெட்டியில் ஒரு வாசல்

ரதன்: புது வீட்டுக்குள்ள படுக்க மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? வெளிய கட்டிலைப் போட்டுக்கிறேன்னுதானே சொன்னேன்.

தேவ்ஷி: ரெண்டும் ஒண்ணுதான் ரதன்.

ரதன்: எப்படி ஒண்ணாகும்? பகல் பூரா உள்ளதான் இருக்கப்போறேன். கம்பு ரொட்லா தட்டுறேன், கூட்டுறேன், உங்ககூட வண்டி ஓட்டின டிரைவருங்க வந்தா டீ போட்டுத் தர்றேன். ராத்திரி மட்டும்...

தேவ்ஷி: ராத்திரி மட்டும் எருமைக்குக் காவல்.

ரதன்: அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல.

தேவ்ஷி: நமக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அதுல இருபத்து மூணு வருஷம் பொண்டாட்டி வாசல்ல, புருஷன் உள்ள. ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா?

ரதன்: என்ன பேசுறாங்க?

தேவ்ஷி: எல்லா வீட்லயும் பொண்டாட்டி புருஷனை வெளிய தள்ளுவா, தேவ்ஷி வீட்ல பாவம் அவளே வெளிய போயிட்டாங்குறாங்க.

ரதன்: சரியாத்தான் பேசுறாங்க.

தேவ்ஷி: இந்தா பாரு, விளையாட்டு வேணாம். இன்னைக்குக் குடம் வைக்கிற நாள். நம்ம பொண்ணு ஜசு மதியமே அஞ்சார்ல பஸ் ஏறிட்டா. குடமும் தேங்காயும் மடியில வச்சுக்கிட்டு வந்துட்டிருக்கா. பெத்த பொண்ணு குடத்தைக் கொண்டுபோய் வச்சிட்டா, அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரி அந்த வீட்லதான் படுக்கணும். படுக்கலேன்னா குடம் வச்சதுக்கே அர்த்தமில்ல. இது நான் போட்ட சட்டமா? கட்ச் முழுக்க இதுதானே வழக்கம்.

ரதன்: வெக்கையா இருக்கும்.

தேவ்ஷி: உத்தராயணுக்குப் பட்டம் விட்டுப் பத்து நாள் ஆகல. பல்லு கிட்டுது. வெக்கையாம்.

ரதன்: சரி, உங்க குறட்டை.

தேவ்ஷி: பஞ்சு வச்சுக்கோ.

ரதன்: எருமை சினையா இருக்கு.

தேவ்ஷி: இருபத்து மூணு வருஷமாவா?

ரதன்: தள்ளுங்க, எருமைக்குப் புல்லு போடணும்.

தேவ்ஷி: சொல்லு. இருபத்து மூணு வருஷமா ஒரே சினையா?

ஜூசப்: ரதன் பாபி, நான் கூரையிலேர்ந்து கீழ இறங்கலாமா, இல்ல சண்டை இன்னும் பாக்கியிருக்கா?

ரதன்: இறங்கு ஜூசப். சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. இந்த மனுஷன் முழங்கால் வலிக்குதுன்னு வேலையை விட்டாரு, இப்ப வாய் வலிக்கிற வரைக்கும் பேசுறாரு.

ஜூசப்: மேல ரெண்டாவது தகரத்தையும் முறுக்கி மாட்டிட்டேன் தேவ்ஷி பாய். நடுவுல ஒரு முழம் காத்து ஓடும். சித்திரை வெயில் வந்தாலும் உள்ள தெரியாது. சுவத்துல தெர்மோகோல், அதுக்கு மேல பலகை. பாபி, உள்ள வந்து ஒரு தடவை பாத்துட்டாவது திட்டுங்க. வெல்டிங் பண்ணினவன் மனசு கொஞ்சம் ஆறும்.

ரதன்: உன்னை யாரு திட்டினா? இரு, செருப்பைக் கழட்டிட்டு வர்றேன்... ம். நீளமா இருக்கு.

தேவ்ஷி: நாப்பதடி. முதல்ல அடுப்படி, நடுவுல உக்காருற இடம், கடைசியில படுக்கை.

ரதன்: ரயில் பெட்டி மாதிரி இருக்கு. டிக்கெட் யாரு கிழிப்பா?

தேவ்ஷி: பாத்தியா ஜூசப், சிரிச்சிட்டா.

ரதன்: சிரிக்கல. என்ன வாசனை இது?

ஜூசப்: சீரகம், பாபி. கடைசியா சீரகம் ஏத்தின கன்டெய்னர் பெட்டி. யார்டுல அம்பது பெட்டி பாத்தோம். பாய் ஒவ்வொண்ணா மோந்து மோந்து பாத்தாரு. மீன் ஏத்தினது வேணாம், ரசாயனம் ஏத்தினது வேணாம், எங்க வீட்டுக்காரிக்கு ஆகாதுன்னு. யார்டுக்காரன் என்கிட்ட வந்து, இவரு பெட்டி வாங்க வந்தாரா, மசாலா வாங்க வந்தாரான்னு கேட்டான்.

ரதன்: கீழ பலகை புதுசா?

ஜூசப்: பழைய பலகைக்குப் பூச்சிமருந்து போட்டிருப்பாங்க. கப்பல்ல கரையான் வரக்கூடாதுன்னு. அதைப் பூராவும் பேத்துப் போட்டுட்டேன். அதுவும் பாயோட உத்தரவுதான்.

ரதன்: எல்லாம் பாயோட உத்தரவு. வீட்டுக்காரிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. முந்த்ரா துறைமுகத்துக்குப் போயிட்டு வர்றேன்னு போனாரு. நாலாம் நாள் பாத்தா வாசல்ல ஒரு டிரெய்லர், அது மேல இது. நான் யாரோ வழி தெரியாம வந்துட்டான்னு நினைச்சேன்.

தேவ்ஷி: கேட்டா வேணாம்னு சொல்லுவ.

ரதன்: சொல்லியிருப்பேன்.

தேவ்ஷி: அதான் கேக்கல. இந்த மாதிரிப் பெட்டியை முப்பது வருஷம் இழுத்திருக்கேன். இதைப் பத்தி எனக்குத் தெரியும். துறைமுகத்துல பாரு, கப்பல் மேல ஒண்ணு மேல ஒண்ணா எட்டு, ஒன்பதுன்னு அடுக்கிடுவான். கடல் ஆட்டுற ஆட்டத்துக்கு நம்ம பூமி ஆடினது எந்த மூலைக்கு? அதுலயே ஒண்ணும் ஆகாம அக்கரைக்குப் போய்ச் சேருது. இது மேல எட்டுப் பெட்டி கிடையாது. வெறும் தகரமும் காக்காவும்தான். பூகம்பம் திரும்பி வந்தாலும் தூக்கிப் போடுமே தவிர நசுக்காது.

ரதன்: இப்ப எதுக்குப் பூகம்பத்தை இழுக்குறீங்க?

தேவ்ஷி: சும்மா, பேச்சுக்குச் சொன்னேன். என் முழங்காலுக்குத்தான் இது. படி கிடையாது பாரு.

ரதன்: பழைய அறைக்கு மட்டும் பத்துப் படியா இருந்துச்சு?

தேவ்ஷி: ...ஒண்ணரைப் படி.

ரதன்: ஜன்னல் ஏன் இத்தனூண்டு? எருமை மூக்கைக்கூட உள்ள விட முடியாது.

ஜூசப்: நான் பெருசா வெட்டுறேன்னுதான் சொன்னேன், பாபி. பாய்தான், நான் ஏதோ கத்தியை எடுத்தா மாதிரி என் கையைப் பிடிச்சிட்டாரு. பாரமெல்லாம் நாலு மூலைத் தூணுலதான் நிக்கும். ஆனா இந்த மடிப்பு மடிப்பா இருக்கிற சுவரு இருக்கே, இதை வெட்ட வெட்ட உறுதி குறையும். வெட்டின இடத்துல இரும்புச் சட்டம் வச்சு அடிச்சிட்டா சரியாயிடும். நான் துறைமுகத்துல எத்தனை ஆபீஸ் போட்டுக் கொடுத்திருக்கேன். பாய் நம்பணுமே. ஒரு வெட்டுக்கூட அதிகமா விழக்கூடாதுன்னுட்டாரு.

தேவ்ஷி: கெட்டியா இருக்கிறதை எதுக்குக் கெடுக்கணும்?

ரதன்: ஓட்டை கீட்டை இல்லையே? மழை வந்தா?

தேவ்ஷி: ஒரு பொட்டு ஓட்டை இல்ல. அதுக்கு ஒரு சோதனை இருக்கு. உள்ள போய் நின்னுக்கிட்டு கதவைச் சாத்தச் சொல்லணும். கும்மிருட்டா இருக்கும். எங்கயாச்சும் ஊசிமுனை வெளிச்சம் தெரிஞ்சா அங்க ஓட்டை. தெரியலைன்னா நல்ல பெட்டி. யார்டுல நின்னு பாத்துட்டுத்தான் வாங்கினேன்.

ரதன்: சாத்தச் சொல்லணுமா? யாருகிட்ட?

தேவ்ஷி: வெளிய நிக்கிற ஆளுகிட்ட.

ரதன்: ஏன், நீங்களே உள்ளேருந்து சாத்திக்கிட்டா ஆகாதா?

தேவ்ஷி: அது... பழக்கமில்ல.

ரதன்: ஜூசப், இங்க வா. இந்த ரெண்டு கதவும் பெட்டியோட பழைய கதவுதானே?

ஜூசப்: அதேதான், பாபி. சுரண்டி, கிரீஸ் போட்டு, பச்சை பெயின்ட் அடிச்சேன். கதவைப் பூட்டுற நாலு கம்பியும் வெண்ணெய் மாதிரி சுத்தும். ஆபீஸ்னா பக்கவாட்டுல வாசல் வெட்டுவேன். இங்க பாய், வெட்டவே வேணாம், பழைய கதவே வீட்டு வாசலா இருக்கட்டும்னாரு.

ரதன்: கம்பி வெளிப்பக்கம் இருக்கு.

ஜூசப்: ஆமா.

ரதன்: கைப்பிடியும் வெளிப்பக்கம்.

ஜூசப்: ஆமா, அது அப்படித்தான்...

ரதன்: உள்பக்கம் என்ன இருக்கு?

ஜூசப்: உள்பக்கம்... பாய், உள்பக்கம் என்ன இருக்கு?

ரதன்: ஒண்ணும் இல்ல. மொழு மொழுன்னு இரும்பு இருக்கு. ராத்திரி உள்ள படுத்துக்கிட்டுக் கதவைச் சாத்தினா, காலைல திறக்க யாரை வரச் சொல்றது? ஜசுவுக்கு போன் போட்டு அஞ்சார்லேருந்து வரச் சொல்றதா?

ஜூசப்: யா அல்லா. ரெண்டு மாசமா வேலை பாத்தேன், பாபி. கதவு எப்பவும் விரியத் திறந்தே கிடந்துச்சா... மண்டையில ஏறவே இல்ல.

ரதன்: உனக்கு ஏறல, சரி. முப்பது வருஷம் பெட்டி இழுத்தவருக்கு?

தேவ்ஷி: முப்பது வருஷமும் வெளிய நின்னுதான் திறந்தேன், ரதன். உள்ள ஆள் இருந்ததில்ல. சீரகம் என்ன கதவையா தட்டும்?

ரதன்: நல்லா இருக்கு நியாயம். எதுக்கும் பாத்துடலாம். ஜூசப், நீ உள்ள போய், ராத்திரிக் குளிருக்குச் சாத்துற மாதிரி ஜன்னலையும் சாத்திக்கோ. நான் வெளியேருந்து சாத்துறேன். எப்படியாச்சும் திறக்க முடியுதா பாரு.

தேவ்ஷி: நானும் போறேன். ஏதாவது ஒரு வழி இருக்கும்.

ரதன்: நீங்க வேணாம். என்கூட நில்லுங்க.

தேவ்ஷி: ஏன் வேணாம்? என் வீட்டுக்குள்ள நான் போகக்கூடாதா?

ரதன்: சொன்னாக் கேளுங்க.

தேவ்ஷி: நீ சாத்து. கம்பியைக் கீழ அழுத்தி இடப்பக்கம் தள்ளு. ஆங், அப்படித்தான். பலமாத் தள்ளு.

ரதன்: தள்ளிட்டேன். இப்பத் திறங்க பாக்கலாம்.

ஜூசப்: தோளைக் கொடுத்துப் பாத்துட்டேன், பாபி. மலை மாதிரி நிக்குது.

ரதன்: இடுக்குல ஏதாவது விட்டு நெம்ப முடியுதா?

ஜூசப்: இடுக்கெல்லாம் ரப்பர். நான்தான் புதுசாப் போட்டேன். காத்துகூட நுழையாது.

ரதன்: இவரு என்ன சொல்றாரு?

ஜூசப்: பாயா? அவரு... பாய்? பாபி, கதவைத் திறங்க.

ரதன்: என்னாச்சு?

ஜூசப்: திறங்க முதல்ல. பாய் தரையில உக்காந்துட்டாரு. சட்டையெல்லாம் வேர்வை. கூப்பிட்டா பதில் இல்ல.

ரதன்: ஐயோ, இந்தக் கம்பி எந்தப் பக்கம்... வந்துட்டேன். இங்க இருக்கேங்க. நான் வெளியதான் இருக்கேன். என் குரல் கேக்குதா? பேசிக்கிட்டே இருக்கேன் பாருங்க, கேளுங்க. இதோ, கழண்டுருச்சு. வாங்க. கையைப் பிடிங்க.

தேவ்ஷி: ...ஒண்ணுமில்ல.

ரதன்: பேசாதீங்க. வெளிச்சத்துல வந்து உக்காருங்க. ஜூசப், அந்தச் செம்புல மோர் இருக்கு, எடுத்துட்டு வா. மூச்சை விடுங்க. மெதுவா. இன்னும் ஒண்ணு.

தேவ்ஷி: உன் முந்தானையை விடு, சும்மா மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு. நான் என்ன கைக்குழந்தையா?

ரதன்: துடைச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். நான்தான் வேணாம்னு சொன்னேனே. எதுக்குப் போனீங்க?

தேவ்ஷி: நீ பாத்துக்கிட்டு இருந்த. பயம்னு தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் போனேன்.

ரதன்: யார்டுல உள்ள நின்னு பாத்தேன்னு சொன்னீங்களே, அப்ப ஒண்ணும் ஆகலையா?

ஜூசப்: இந்தாங்க மோர். பாபி, நான் சொல்லலாமான்னு தெரியல...

தேவ்ஷி: சொல்லாத.

ஜூசப்: யார்டுல உள்ள நின்னது நான். பாய் வெளிய நின்னு கதவைச் சாத்தினாரு. அதுவும் சாத்தின மறுநிமிஷமே திறந்துட்டாரு. வெளிச்சம் தெரிஞ்சுதான்னு கேட்டாரு. கண்ணு பழகவே இல்லையே பாய், எங்கேருந்து தெரியும்னேன். திரும்பச் சாத்த மாட்டேன்னுட்டாரு.

ரதன்: அப்ப இத்தனை நாள்ல ஒரு தடவைகூட நீங்க கதவைச் சாத்திட்டு உள்ள நின்னதில்ல.

தேவ்ஷி: இல்ல.

ரதன்: பழைய அறையிலயும் கதவு சாத்த விடமாட்டீங்க. காத்து வரணும், காத்து வரணும்பீங்க.

தேவ்ஷி: காத்து வரணும்தானே.

ரதன்: கம்பி விழுந்ததும் என்ன ஆச்சு?

தேவ்ஷி: அந்தச் சத்தம்... அதே சத்தம், ரதன். பூகம்பத்தன்னைக்கு, ராத்திரி வண்டி ஓட்டிட்டு விடியக்காலைல வந்து படுத்தேன் பாரு, அப்ப தூக்கத்துல மேல கான்கிரீட் சிலாப் வந்து உக்காந்துச்சே, அதே சத்தம். அப்புறம் அதே இருட்டு. ஜூசப் பேசுறது கேக்குது, ஆனா வாய் திறக்க வரல. இடிபாட்டுல ஒண்ணரை நாள் கிடந்தேனே, அதுக்குள்ள திரும்பப் போயிட்ட மாதிரி இருந்துச்சு.

ரதன்: இந்தப் பெட்டிக்குள்ள இன்னைக்கு ராத்திரி எப்படிப் படுக்கலாம்னு இருந்தீங்க?

தேவ்ஷி: நீ பக்கத்துல இருப்பேன்னு நினைச்சேன்.

ஜூசப்: நான் வேணா எருமையைப் பாத்துட்டு வரட்டுமா?

ரதன்: நீ எங்கயும் போகவேணாம். உன் கேஸ் கட்டர் எங்க இருக்கு?

ஜூசப்: வண்டியில.

ரதன்: எடுத்துட்டு வா. இன்னைக்கே ஒரு வாசல் வெட்டணும்.

ஜூசப்: இன்னைக்கா? பொண்ணு குடத்தோட வர்ற நேரம், பாபி. பலகை, தெர்மோகோலைக் கழட்டிட்டு வெட்டுறது ஒரு மணி நேர வேலை. ஆனா சட்டம் அடிக்கணும், கதவு மாட்டணும். அதெல்லாம் நாளைக்குத்தான் முடியும். இன்னைக்கு வெட்டினா ராத்திரி வெறும் ஓட்டையா நிக்கும்.

ரதன்: நிக்கட்டும்.

ஜூசப்: நாய் வரும். குளிரும்.

ரதன்: போர்வை தொங்கவிட்டுக்கிறேன். நாய் வந்தா அதுவும் நம்ம வீட்டு நாய்தான். நாளைக்குக் கதவு வைக்கிறப்ப தாழ்ப்பாளை உள்பக்கம் வை. வெளிப்பக்கம் ஒண்ணுமே இருக்கக் கூடாது.

ஜூசப்: எந்த இடத்துல வெட்ட? அடுப்படி பக்கமா?

ரதன்: இங்க வா. கட்டில் எங்க போடப்போறீங்க? இந்த மூலையிலதானே? இவரு இந்தப் பக்கம் படுப்பாரு. அப்ப இந்த இடத்துல வெட்டு. கையை நீட்டினா கதவு கிடைக்கணும்.

ஜூசப்: தலைமாட்டுலயா? பாபி, வர்றவங்க எல்லாம் உங்க தலையணையைத் தாண்டியா வீட்டுக்குள்ள வருவாங்க?

ரதன்: வர்றவங்க பச்சைக் கதவு வழியா வரட்டும். அதுதான் வெண்ணெய் மாதிரி சுத்துதே. இது உள்ள இருக்கிறவங்க வெளிய போறதுக்கு.

தேவ்ஷி: ரதன், சுவரை வெட்டினா உறுதி போயிடும்.

ரதன்: சட்டம் அடிச்சாச் சரியாயிடும்னு அவன் சொல்றானே. நீங்க பெட்டி இழுத்தவரு, அவன் பெட்டி வெட்டுறவன். வெட்டுற விஷயத்துல அவன் பேச்சைக் கேளுங்க.

ஜூசப்: நாளைக்கு நாலு பக்கமும் இரும்புச் சேனல் வச்சு அடிக்கிறேன், பாய். முன்ன இருந்ததைவிடக் கெட்டியா நிக்கும். என் பிள்ளைங்க மேல சத்தியம்.

தேவ்ஷி: சரி, வெட்டு. குடம் வைக்க வர்ற பொண்ணு, என்னப்பா வீட்ல ஓட்டைன்னு கேட்டா நீயே பதில் சொல்லு.

ஜூசப்: கல்யாண வீட்ல லாப்சி இனிப்பு கிண்டுற மாதிரி நல்ல நாள் வேலைன்னு சொல்லிடுறேன். சிலிண்டரை உருட்டிட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் யாரும் யாரையும் உள்ள வச்சுப் பூட்டாதீங்க.

தேவ்ஷி: போய்யா.

ரதன்: இப்ப எப்படி இருக்கு?

தேவ்ஷி: பரவாயில்ல.

ரதன்: மோரைக் குடிச்சு முடிங்க.

தேவ்ஷி: உன் கையைக் காட்டு. கம்பியில இடிச்சுக்கிட்டியா? இந்த விரல்ல ஏற்கெனவே நகம் ஒழுங்கா முளைக்கல.

ரதன்: அது அப்ப போனது. இப்ப ஒண்ணும் ஆகல, விடுங்க.

தேவ்ஷி: அப்ப இன்னைக்கு உள்ள படுப்பியா?

ரதன்: படுப்பேன்.

தேவ்ஷி: நிஜமா? ஜசு போனதுக்கு அப்புறம் கட்டிலைத் தூக்கிட்டு வெளிய போகமாட்டியே?

ரதன்: போகமாட்டேன். நாளைக்கும் உள்ளதான். அந்தப் பக்கம் வாசல் இருந்தா நான் தினமும் உள்ளதான் படுப்பேன்.

தேவ்ஷி: ஒரு ஓட்டைக்கா இத்தனை வருஷம்? தெரிஞ்சிருந்தா பழைய அறையிலயே கடப்பாறை எடுத்து ஒண்ணு போட்டிருப்பேனே.

ரதன்: அங்க மேல சிலாப் இருந்துச்சே. ஓட்டை இருந்து என்ன பண்ண?

தேவ்ஷி: அதான் எனக்கும் தோணுச்சு. சிலாப்பே இல்லாத வீடு வேணும்னு. முழங்காலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது ரதன். உனக்காகத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். பூகம்பத்துக்கு அப்புறம் உனக்குக் கூரைன்னாலே பயம். கேட்டா வெக்கை, குறட்டைன்னு மழுப்புவ. மழையில நனைஞ்சுக்கிட்டுத் தார்ப்பாய்க்குக் கீழ கிடக்குறதைப் பாத்துப் பாத்து எனக்கு மனசு ஆறல. உன்னை நசுக்காத கூரை ஒண்ணு போட்டுக் கொடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

ரதன்: இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?

தேவ்ஷி: சொன்னா, எனக்கென்ன பயம், பயமே இல்லம்ப.

ரதன்: இல்லவே இல்ல. அன்னைக்கு நான் உள்ளயே இல்லையே. ஜசுவை இடுப்புல வச்சுக்கிட்டு ஏரியில துணி துவைச்சுக்கிட்டு இருந்தேன். என் மேல ஒரு கல்லு விழல. நான் எதுக்குக் கூரையைப் பாத்துப் பயப்படணும்?

தேவ்ஷி: பின்ன ஏன் இருபத்து மூணு வருஷமா வாசல்ல கிடந்த?

ரதன்: அன்னைக்கு நான் வெளிய இருந்ததாலதானே உங்களைத் தோண்டி எடுத்தேன். நானும் உள்ள படுத்துட்டா, உங்களை எடுக்க வெளிய யாருங்க இருக்கா?